முகத்துக்குக் குவா ஷா: கல்லை விடுங்கள், எவர்சில்வர் போதும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குவா ஷா தகடு, அதாவது முகத்தை வழித்துவிடுகிற வழவழப்பான சின்னத் தகடு, வாங்கித் தேய்த்தால் தாடை செதுக்கி வைத்தது போல ஆகிவிடும் என்று நம்பி இதைப் படிக்க வந்திருந்தால் காசை மிச்சம் பிடித்துக்கொள்ளுங்கள். அது நடக்காது. காலையில் உப்பிப்போய் இருக்கும் முகம் கொஞ்சம் சீக்கிரம் வடியும், பல்லைக் கடித்துக் கடித்து இறுகிப்போன தாடை தளரும், கொஞ்ச நேரத்துக்கு முகத்தில் ஒரு பளபளப்பு இருக்கும். அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமானதாக இருப்பதால் இன்னும் விடாமல் செய்துகொண்டிருக்கிறேன். ஜேட் கல், ரோஸ் குவார்ட்ஸ் கல், எவர்சில்வர் என்று மூன்று தகடும் வீட்டில் கிடக்கின்றன. எதை வாங்கலாம் என்று ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் போட்டு மாளவில்லை, அதனால்தான் இது.

சீனாவில் இது முகத்துக்கென்று வந்த சமாசாரமே இல்லை. முதுகிலும் கழுத்திலும் எண்ணெய் தடவி, எருமைக் கொம்புத் துண்டாலோ பீங்கான் கரண்டியாலோ காசாலோ அழுத்திச் சுரண்டுவார்கள். தோல் சிவந்து, புள்ளி புள்ளியாக ரத்தம் கட்டி, வரிவரியாகத் தெரியும். அந்த வரி தெரிந்தால்தான் வைத்தியம் பலித்தது என்று கணக்கு. வியட்நாம், கம்போடியா, இந்தோனேசியா பக்கமும் உடம்பு வலி, சளி என்றால் வீட்டிலேயே காசை வைத்து இப்படிச் சுரண்டிவிடும் பழக்கம் உண்டு. முகத்துக்குச் செய்வது வேறு வகை, எண்ணெய் மேல் தகட்டை வழுக்கிவிடுவது மட்டும்தான், சிவப்பாகத் தடிப்பு வந்தால் தப்பாகச் செய்கிறோம் என்று அர்த்தம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் நிறைய விளம்பரம் ஓடுகிறது. 2007-ல் வந்த ஒரு சின்ன ஆய்வில், ஆரோக்கியமான 11 பேருக்கு உடம்பில் குவா ஷா செய்து பார்த்ததில், அந்த இடத்துத் தோலில் ரத்த ஓட்டம் முதல் ஏழரை நிமிடத்துக்கு நான்கு மடங்கு கூடியிருந்தது. அது அழுத்திச் சுரண்டுகிற ரகம். அந்த நான்கு மடங்கை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து முகத் தகட்டின் அட்டைப்பெட்டியில் ஒட்டுவது வியாபாரம். முகம் என்று பார்த்தால் 2018-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கைப்பிடி வைத்த மசாஜ் உருளையை வைத்துக் கன்னத்தில் 5 நிமிடம் உருட்டிப் பார்த்தது ஒன்று இருக்கிறது, அதில் ரத்த ஓட்டம் கூடி 10 நிமிடத்துக்கு மேல் அப்படியே இருந்தது. அந்தப் பளபளப்புக்குக் காரணம் இதுதான். கொலாஜன், சுருக்கம் என்று அடித்துவிடுவதையெல்லாம் காதில் வாங்க வேண்டாம்.

வீக்கம் வடிவது எப்படி என்று தெரிந்துகொண்டால் பாதி வீடியோக்களைப் பார்க்கவே தேவை இருக்காது. ராத்திரி அப்பளம், ஊறுகாய், சிப்ஸ் என்று உப்பாகத் தின்றுவிட்டுக் குப்புறப் படுத்தால் காலையில் கண்ணுக்குக் கீழும் கன்னத்திலும் நீர் தேங்கி நிற்கும். எழுந்து நடமாட ஆரம்பித்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது தானாகவே வடிந்துவிடும், தகடு வேண்டியதில்லை. தகடு செய்வதெல்லாம் அதைக் கொஞ்சம் துரிதப்படுத்துவதுதான். அந்த நீரை வாங்கிக்கொண்டு போகும் நிணநீர்க் குழாய்கள் தோலுக்கு மிக அருகில், மிக மெல்லியதாக ஓடுகின்றன. காதுக்கு முன்னால், தாடைக்கு அடியில், கழுத்தின் பக்கவாட்டில் இருக்கும் நிணநீர் முடிச்சுகள் வழியாகக் கீழே இறங்கி, காறை எலும்புக்குப் பின்னால் ரத்தக்குழாயில் கலக்கும். அதனால் அழுத்தி இழுத்தால் கூடுதல் பலன் என்பது இங்கே செல்லாது, லேசாக இழுத்தாலே போதும். இன்னொன்று, வீடியோவில் வருகிற பெண்கள் கழுத்தைக் கீழிருந்து மேலாகத் தாடை நோக்கி வழித்துக் காட்டுகிறார்களே, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தண்ணீர் இறங்க வேண்டியது காறை எலும்புப் பக்கம், அதை ஏன் மேலே தள்ள வேண்டும்? நான் கழுத்தை மட்டும் மேலிருந்து கீழாகத்தான் செய்கிறேன்.

சரி, தகட்டுக்கு வருவோம்.

முதலில் வாங்கியது ஜேட் என்று சொல்லி விற்ற பச்சைக் கல். இணையத்தில்தான், 350 ரூபாய். கடை பெயர் வேண்டாம். வெல்வெட் பை, உள்ளே ஒரு சான்றிதழ் அட்டை, எல்லாம் ஜோராக இருந்தது. கல் மட்டும் ஒரே சீராக, பெப்பர்மின்ட் மிட்டாய்ப் பச்சையில் இருந்தது, அசல் ஜேட்டில் அப்படி அச்சடித்த மாதிரி நிறம் வருவது அபூர்வம். நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தேன், பஞ்சில் பச்சை ஏறிவிட்டது. சாயம் ஏற்றிய ஏதோ ஒரு கல். திருப்பி அனுப்பக் கேட்டால், பிரித்த அழகுப் பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று ஒரே பதிலைத் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். ஜேட் என்ற பேரில் இரண்டு கல் உண்டு, ஜேடைட், நெஃப்ரைட். இரண்டுமே கெட்டி, பேனாக்கத்தி முனையால் கீறினால் சாதாரணமாகக் கோடு விழாது. சந்தையில் ஜேட் என்று மலிவாகக் கிடைப்பதில் நிறைய செர்பென்டைன் என்ற மிருதுவான கல், இல்லையென்றால் சாயமேற்றிய குவார்ட்ஸ், அதுவும் இல்லையென்றால் வெறும் கண்ணாடி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உள்ளே குட்டிக் குட்டியாகக் காற்றுக் குமிழி தெரிந்தால் கண்ணாடிதான். நியாயமாகச் சொன்னால், கண்ணாடியோ செர்பென்டைனோ, ஓரம் வழவழப்பாக இருந்தால் முகத்துக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. என் கோபம் முன்னூற்றைம்பது ரூபாய்க்கு ஜேட் என்று எழுதியதற்கும், கன்னத்தில் சாயம் இறங்குமோ என்பதற்கும்தான்.

ரோஸ் குவார்ட்ஸ் பிறந்தநாள் பரிசாக வந்தது. இதய வடிவம், பார்க்கக் கொள்ளை அழகு, கையில் நல்ல கனம், குளிர்ச்சி. இதன் நடுவில் இருக்கும் பிளவு தாடை எலும்பின் மேல் சரியாகப் பொருந்தி ஓடும், அந்த விஷயத்தில் இதைக் குறை சொல்லவே முடியாது. காதல் கல், மனசைத் திறக்கும், எதிர்மறை ஆற்றலை எடுக்கும் என்று கூட வந்த அட்டையில் இருந்ததைப் படித்துச் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். பிரச்சினை வேறு. எண்ணெய்க் கை, வழவழ கல், குளியலறை டைல்ஸ் தரை. விழுந்தால் முடிந்தது கதை. என்னுடையது விழுந்து ஓர் ஓரம் மட்டும் சில்லு பெயர்ந்தது. விரலை வைத்தால் ஒன்றும் தெரியவில்லை, நைலான் துப்பட்டாவை அதன் மேல் இழுத்தபோது நூல் மாட்டியது. அப்படி நூல் மாட்டுகிற ஓரம் முகத் தோலில் கோடு போடாமல் விடாது. வாங்கும்போதே இந்தத் துப்பட்டா சோதனையைச் செய்துவிடுங்கள், புதுக் கல்லிலும் மெருகு சரியாகப் போடாத ஓரம் வருகிறது.

மூன்றாவது எவர்சில்வர் தகடு. 280 ரூபாய். என் ஓட்டு இதற்குத்தான், கூச்சமே இல்லாமல் சொல்கிறேன். தரையில் எத்தனை முறை விழுந்தாலும் ஒன்றும் ஆகாது, சோப்புப் போட்டுக் கழுவினால் சுத்தம், கல்லில் இருப்பது போலக் கண்ணுக்குத் தெரியாத விரிசலில் அழுக்கு சேரும் பயம் இல்லை. ஃபிரிட்ஜில் பத்து நிமிடம் வைத்தால் சில்லென்று இருக்கும், அந்தச் சில்லிப்பே வீக்கத்துக்குப் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள், உறைந்த உலோகத்தை நேராக முகத்தில் வைத்தால் தோல் புண்ணாகும். குறை என்று பார்த்தால், என் முகச் சூட்டுக்குச் சீக்கிரமே வெதுவெதுப்பாகிவிடுகிறது, மெல்லிய தகடாக இருப்பதால் கனமும் போதவில்லை. கொஞ்சம் தடிமனாகக் கிடைத்தால் நூறு ரூபாய் கூடப் போட்டு அதையே வாங்குங்கள்.

அம்மா இதை முதலில் பார்த்தபோது கேட்ட கேள்வியையும் எழுதிவிடுகிறேன். "ஏன்டி, இதுக்கா இருநூத்தி எண்பது? குழம்பு ஸ்பூனைக் குடுத்திருந்தா நானே தேச்சு விட்டிருப்பேனே." கிண்டலாகச் சொன்னாலும் அதில் ஒரு தப்பும் இல்லை. கரண்டியின் பின்பக்கம் வழவழப்பாக, வளைவாகத்தான் இருக்கிறது, கன்னத்துக்கும் கண்ணுக்குக் கீழேயும் தாராளமாகப் போதும், தாடை ஓரத்தில்தான் பிளவு இல்லாமல் நழுவும். முகம் தேய்க்கிற பழக்கம் நமக்கு ஒத்து வருமா, நான்கு நாளில் அலுத்துவிடுமா என்று தெரியாதவர்கள் கரண்டியில் ஆரம்பிப்பதே புத்திசாலித்தனம். பிடித்துவிட்டால் தகடு வாங்கிக்கொள்ளலாம்.

இடையில் இன்னொன்று: வெண்கலக் குமிழ் வைத்த கான்சா குச்சி என்று ஆயுர்வேதப் பேரில் ஒன்று விற்கிறார்கள். தேய்த்தால் முகத்தில் லேசாகச் சாம்பல் நிறம் படியும், அது உடம்பில் இருக்கும் நச்சு வெளியே வருவது என்பார்கள். செம்பும் ஈயமும்... இல்லை, செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம் நம் வியர்வையோடும் எண்ணெயோடும் உரசினால் கறுக்காமல் என்ன செய்யும்? புளி போட்டுத் தேய்த்த பாத்திரத்தைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. மசாஜுக்குச் சுகமாகத்தான் இருக்கிறது, நச்சுக் கதை மட்டும் வேண்டாம்.

தகட்டைவிட எண்ணெயில்தான் விஷயம் இருக்கிறது. வெறும் முகத்தில் தகட்டை வைக்கவே கூடாது, தோல் இழுபடும். தேங்காய் எண்ணெய் போதாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். பரு வராத, வறண்ட தோல் என்றால் தாராளமாக. பரு வரும் முகத்துக்கு அது துளைகளை அடைக்கும், நெற்றியில் பொடிப்பொடியாக வர ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். நல்லெண்ணெய் பிசுபிசுக்கும், வாசனையும் ஆபீஸ் வரைக்கும் கூட வரும். குங்குமாதி தைலம் நன்றாக வழுக்கும், ஆனால் விலைக்கு இப்படித் தேய்த்துக் கழுவ மனசு வராது. கற்றாழை ஜெல் போட்டால் இரண்டு இழுப்புக்குள் காய்ந்து பிசினாகிவிடும், வேண்டவே வேண்டாம். எனக்கு ஒத்துவந்தது ஸ்குவாலேன் என்கிற முக எண்ணெய். விலை ஜாஸ்தி என்பவர்கள் குழந்தைகளுக்குத் தடவும் வாசனையில்லாத மினரல் ஆயில் வாங்கலாம், ஐந்தாறு சொட்டு போதும், முடிந்ததும் முகம் கழுவிவிட வேண்டும். பகலில் செய்தால் எண்ணெய் மேல் சன்ஸ்கிரீன் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள், நன்றாகக் கழுவித் துடைத்த பிறகு போடுங்கள்.

செய்முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தகட்டைச் செங்குத்தாக நிறுத்தினால் சுரண்டும், தோசையின் அடியில் திருப்பியை நுழைக்கிற மாதிரி கிட்டத்தட்டப் படுக்கையாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், 15 டிகிரிக்குள். கழுத்தில் இருந்துதான் தொடக்கம், முதலில் கீழே வழி திறந்தால்தான் மேலே இருப்பது இறங்கும். காதுக்குப் பின்னாலிருந்து கழுத்தின் பக்கவாட்டில் காறை எலும்பு வரை, ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம். குரல்வளை மேல் தகடு போகவே கூடாது. கழுத்தில் நாடி துடிக்கும் இடத்தில் அழுத்தவும் கூடாது, அங்கே அழுத்தம் பட்டால் இதயத் துடிப்பு குறைந்து சிலருக்குத் தலை சுற்றும். அப்புறம் முகவாய்க்கட்டை நடுவிலிருந்து தாடை ஓரமாகக் காது சோணை வரை, மூக்கோரத்திலிருந்து கன்ன எலும்புக்குக் கீழாகக் காது வரை, கடைசியில் புருவத்திலிருந்து மேலே முடி ஆரம்பிக்கும் இடம் வரை. ஒவ்வொரு இழுப்பும் நான்கைந்து தடவை, மெதுவாக. இன்னொரு கையால் இழுப்பு ஆரம்பிக்கும் இடத்தில் தோலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இதை யாரும் சொல்வதில்லை, பிடிக்காவிட்டால் கன்னம் மொத்தமும் தகட்டோடு சேர்ந்து போகிறது. கண்ணுக்குக் கீழே தகட்டின் கனமே போதும், கை அழுத்தவே வேண்டாம். மொத்தம் ஐந்து நிமிடம். அதற்கு மேல் செய்தால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது, எண்ணெய்தான் உறிஞ்சிப்போய்த் தோல் இழுபட ஆரம்பிக்கும்.

நம் ஊர்த் தோலுக்கென்று ஒரு எச்சரிக்கை இருக்கிறது, வெளிநாட்டு வீடியோக்களில் இது வருவதே இல்லை. மாநிறத்திலும் கறுப்பிலும் இருக்கும் தோல், உரசினால் கறுக்கும். வருஷக்கணக்காகப் பீர்க்கங்காய் நாரையும் நைலான் நாரையும் போட்டுத் தேய்த்துத் தோள்பட்டை, கை எல்லாம் திட்டுத் திட்டாகக் கறுத்துப்போனவர்களைத் தோல் டாக்டர்கள் இங்கே தினமும் பார்க்கிறார்கள். முகத்திலும் அதே கதைதான். வேகமாக, எண்ணெய் இல்லாமல், தினமும் இரண்டு வேளை என்று உரசினால் கன்ன எலும்பு மேலும் தாடை ஓரத்திலும் நிழல் விழும், போவதற்கு மாசக்கணக்காகும். மங்கு இருப்பவர்கள் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுவது நல்லது. வாரத்தில் மூன்று நாள் தாராளம்.

பழுத்த பரு, எக்ஸிமா, முகம் சிவந்து போகும் ரொசேசியா, வெயிலில் கருகிய தோல், உதட்டில் அக்கிப் புண், இதெல்லாம் இருக்கும்போது தகடு பக்கமே போகாதீர்கள், பருவை உடைத்துக் கிருமியை முகம் முழுக்கப் பூசுவதற்குச் சமம். ரெட்டினால் க்ரீம் போட்டுத் தோல் உரிந்துகொண்டிருந்தாலும் சரி, முந்தின நாள் த்ரெட்டிங், வேக்ஸிங் செய்திருந்தாலும் சரி, தள்ளிப் போடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு லேசான அழுத்தத்திலேயே கன்றிப்போகும். போடாக்ஸ், ஃபில்லர் போட்டவர்கள், கழுத்தில் தைராய்டுக் கட்டி, நிணநீர்க் கட்டி இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு ஏன் செய்கிறாய் என்றால், தாடைக்காக. நாள் முழுக்க ஆபீஸ் வீடியோ காலில் உட்கார்ந்து, கேமராவை அணைத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டே வேலை செய்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. கடைவாய்ப் பல்லைக் கடித்தால் காதுக்குக் கீழே கெட்டியாக எழும்புகிறதே ஒரு தசை, சாயங்காலமானால் அது கல்லாகிவிடும், கொட்டாவி விட்டாலே வலிக்கும். தகட்டின் உருண்டையான ஓரத்தை அங்கே வைத்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு, இழுக்காமல் சின்னதாக அசைத்துக்கொண்டே இருந்தால் தசை மெல்ல விடுகிறது. அப்படியே நெற்றிப்பொட்டுக்கும் போனால் தலைவலியும் குறைகிறது. வீக்கத்துக்குக் கரண்டி போதும், இந்த வேலைக்குத்தான் தகடு. என் தம்பிக்கும் இதே தொந்தரவு, "எனக்கெதுக்குக்கா இந்த பொம்பளைங்க சமாசாரம்" என்று ஆரம்பித்தவன் இப்போது என் தகட்டையே எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். தாடி வைத்திருப்பவர்கள் முடி வளரும் திசையில் இழுங்கள், ஷேவ் செய்த கையோடு செய்தால் எரியும். தூக்கத்திலும் பல்லைக் கடிக்கிற ஆட்கள் பல் டாக்டரைப் பாருங்கள், அதற்குத் தகடு வைத்தியம் கிடையாது.

இரட்டைத் தாடை கரையுமா என்று கேட்பவர்களுக்கு: கரையாது. அது கொழுப்பு, தகட்டால் தள்ளி எங்கேயும் அனுப்ப முடியாது. இன்ஸ்டாகிராமில் வரும் முன்-பின் படங்களில் முன் படத்தில் தலை குனிந்திருக்கும், பின் படத்தில் கழுத்து நீண்டு விளக்கு பக்கவாட்டில் வந்திருக்கும், அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். உருளை வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். சுலபம்தான், அழுத்தித் தேய்க்கவும் வாய்ப்புக் குறைவு, ஆனால் கம்பி நுழையும் இடத்தில் எண்ணெய் போய் அடைந்துகொள்கிறது, கொஞ்ச நாளில் கீச் கீச்சென்று சத்தம் போட ஆரம்பிக்கும்.

யாருக்காவது பரிசாகக் கொடுக்க வேண்டுமானால் மட்டும் ரோஸ் குவார்ட்ஸ் வாங்குங்கள், பிரித்ததும் முகம் மலரும், எவர்சில்வரைக் கொடுத்தால் பாத்திரக் கடையில் வாங்கினாயா என்பார்கள். பெட்டியில் கூட வரும் குட்டி எண்ணெய்ப் பாட்டிலில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள், ரோஜா வாசனை தூக்கலாக அடித்தால் அதை எடுத்து வைத்துவிட்டுத் தகட்டை மட்டும் கொடுங்கள்.